எட்டாவது சரணத்தில் எழுந்து ஓடினேன்

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. வலது பெருவிரலில் நகம் பெயர்ந்துவிட்டது. குனிந்து பார்க்க நேரமில்லை. முதுகுக்குப் பின்னால் மேளம் அடிக்கிறது. மேளத்துக்கு மேலே என் தங்கை மல்லிகாவின் குரல். எழுபது. எழுபத்தொன்று. குவாரி மேட்டிலிருந்து எவனோ கத்துகிறான். "வெடிக்கப் போறாங்க, எந்திரிங்க, எந்திரிங்க." அவன் கம்பெனியில் வேலை செய்கிறவன். அவனுக்கே பொறுக்கவில்லை. எண்பது. எண்பத்தொன்று. எண்பத்திரண்டு. கடுக்காய் மரம். மரத்தில் கை வைக்கிறேன்.

அப்போது வெடித்தது.

முதலில் சத்தம் கேட்கவில்லை. தரை என்னைத் தூக்கி மரத்தின் மேல் அடித்தது. பிறகுதான் சத்தம். ஒன்று தனியாக. அடுத்து மூன்று சேர்ந்தாற்போல. காதுக்குள் கொய்யென்று ஒரு இரைச்சல். வானம் வெள்ளையாகிவிட்டது. கற்பொடி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கல் வந்தது. சின்னக் கல் சடசடவென்று இலையைக் கிழித்துக்கொண்டு விழும். அது வருவது தெரியும். பெரிய கல் வருவது தெரியாது. விழுந்த பிறகுதான் தெரியும். எனக்குப் பத்தடி தள்ளி அம்மிக்கல் அளவில் ஒன்று விழுந்தது. பாதி மண்ணுக்குள் போய்விட்டது. நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கண்ணைத் திறந்தபோது மேளம் நின்றிருந்தது. பாட்டும் நின்றிருந்தது.

அன்று தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இடம், வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் போகிற சாலையில் பிரியும் ஒரு மண்பாதை. அதன் முடிவில் நாற்பது வீடு. சாமை, கேழ்வரகு, மரவள்ளி. ஊருக்குத் தலைமாட்டில் ஒரு பாறை. பாறையில் எங்கள் அம்மன். பாறைத்தாயி என்போம். ஊரின் பெயரை எழுதவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

இதைப் போர் என்று எழுதினால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வானத்திலிருந்து கல் விழுந்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே மனிதர்கள் சிதைந்தால் அதற்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? விபத்து என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை.

என் பெயர் செல்வி. வயது முப்பத்தாறு. பிறந்தது இந்த ஊரில்தான், எனக்கு இங்கே ஒரு வீடும் உண்டு. கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்துக் கொடுப்பேன். நாள் முழுக்கப் பக்கம் எண்ணுகிற பிழைப்பு. எண்ணி எண்ணி, படி ஏறினாலும் எண்ணுவேன், பாத்திரம் கழுவினாலும் எண்ணுவேன். அன்றைக்கு ஓடும்போதும் எண்ணினேன். வேண்டுமென்று எண்ணவில்லை. வாய் தானாக எண்ணியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. கவிதை. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் மறுநாள் காலை என்னிடம் ஒரு கவிதை இருக்கும். பாலஸ்தீனத்துக்கு ஏழு எழுதினேன். சூடானுக்கு இரண்டு. உக்ரைனுக்கு ஒன்று. ஈழத்துக்கு எழுதியதை எண்ணியதில்லை. கூட்டங்களில் மைக் பிடித்து வாய் கிழியப் படிப்பேன். கை தட்டுவார்கள். டீ கொடுப்பார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குவேன். பெரிய போராளி என்று எனக்கே ஒரு நினைப்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாறையை அறுக்கக் கம்பெனி வந்தது. கல் கப்பலேறி வெளிநாடு போகும் என்றார்கள். எந்த நாட்டுப் பணக்காரன் வீட்டுத் தரைக்கோ எங்கள் அம்மன் போகிறாள். ஊர் எதிர்த்தது. மூன்று முறை பாதையை மறித்து உட்கார்ந்தோம். மூன்று முறையும் கம்பெனி ஜீப் வந்தது. நாலு பேர் இறங்கி அதட்டினார்கள். எழுந்து கலைந்துவிட்டோம். மூன்றாவது முறை ராஜாத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. எல்லாரும் போன பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவளும் எழுந்தாள். "நான் ஒருத்தி குந்திக்கினு இன்னா பண்றது" என்றாள். எனக்கு ஊர் மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்து போகாமல் இந்த ஜனங்களை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்தேன்.

அப்போதுதான் அந்த மெட்டு நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் அம்மனை அழைக்கும் பாட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டு சரணம். முதல் ஆறில் அம்மனைப் பாறையிலிருந்து இறக்குவோம். பின் ஆறில் திரும்ப ஏற்றி விடுவோம். நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அம்மன் தெருவிலேயே நின்றுவிடுவாள், போக இடம் இல்லாமல் நிற்பாள் என்பது நம்பிக்கை. அதனால் முதல் சரணத்தை எடுத்துவிட்டால் யாரும் எழமாட்டார்கள். மழை கொட்டினாலும் எழமாட்டார்கள். பால் குடிக்கிற பிள்ளை அழுதால் மடியில் போட்டுக்கொண்டு பாடுவார்கள். நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவர்கள் நம்புவது எனக்குத் தெரியும்.

அந்த மெட்டில் போராட்டப் பாட்டைக் கட்டினேன். எழுந்து போகக்கூடாது என்பதற்காகவே கட்டினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

எறங்கி வாடி பாறைத்தாயி, எறங்கி வா
எந்திரம் வந்து ஒம் முதுகுல ஏறுது, எறங்கி வா
கடலுக்கு அந்தாண்ட குண்டு வுழுது, அவளும் ஒரு தாயி
கரட்டுக்கு இந்தாண்ட கல்லு வுழுது, நீயும் ஒரு தாயி

மேளம் அடிக்கிற காளியப்பன் முதலில் தயங்கினார். அறுபது வயது மனிதர். "அம்மனக் கூப்புட்றது வெளையாட்டு இல்லம்மா. எறக்கனா ஏத்திவுடணும்" என்றார். "ஏத்திவுடுவோம்ங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மல்லிகாவுக்குப் பாட்டு ஒரு தடவை கேட்டாலே வந்துவிடும். ஊரில் அவள் குரல்தான் குரல். வார்த்தை என்னுடையது, தொண்டை அவளுடையது. கவிதைக் கூட்டங்களில் வராத சந்தோஷம் அவள் பாடியபோது எனக்கு வந்தது.

பாறை அடிவாரத்தில் பந்தல் போட்டோம். அம்மன் இடம் என்பதால் எல்லாரும் செருப்பைப் பாதை முனையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். தினம் இரண்டு தடவை பாட்டு. ஜீப் வந்தது. அதட்டினார்கள். யாரும் அசையவில்லை. ஜீப் திரும்பிப் போனது. பத்து நாள் வெடி இல்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு மலையிலேயே இருந்தேன். தலை கால் புரியவில்லை எனக்கு. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

குவாரிக்கு ஒரு முறை உண்டு. வெடிக்கு முன் மூன்று தடவை சைரன். சங்கு என்போம். முதல் சங்குக்கு வேலையாட்கள் விலக வேண்டும். இரண்டாவதுக்குப் பாதையை மறிப்பார்கள். மூன்றாவது ஊதி ஐந்து நிமிடம் கழித்துத்தான் வெடி. அந்தப் பத்து நாளில் சும்மா சும்மா சங்கு ஊதினார்கள். பயமுறுத்த. மூன்றும் ஊதுவார்கள். ஒன்றும் நடக்காது. ஆறேழு தடவை அப்படி ஆயிற்று. பிள்ளைகள் சங்கைப் போலவே கத்தி விளையாட ஆரம்பித்தார்கள்.

பதினோராவது நாள். செவ்வாய்க்கிழமை. பந்தலில் முப்பத்தொரு பேர். நானும் மல்லிகாவும் பக்கத்துப் பக்கத்தில். அவள் புருஷன் வேலு தண்ணீர்க் குடம் எடுக்கப் போயிருந்தான். இரண்டரைக்கு மேல் பாட்டை எடுத்தோம். ஐந்தாவது சரணத்தில் முதல் சங்கு. யாரோ சிரித்தார்கள். ஏழாவது எடுக்கும்போது இரண்டாவது சங்கு. அண்ணாந்து பார்த்தேன். மேலே துளை போடுகிற ஆட்கள் ஓடினார்கள். மற்ற நாளில் அவர்கள் ஓடியதில்லை. ஒதுங்கி நின்று பீடி பிடிப்பார்கள். அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாவது சங்கு. நீளமாக. ஏழாவது சரணம் முடிந்து, சங்கு ஓயும்போது எட்டாவதை மல்லிகா எடுத்தாள்.

ஏறிப் போடி பாறைத்தாயி, ஏறிப் போ
ஏர் புடிச்ச கைய நம்பி ஏறிப் போ

நான் எழுந்தேன். "வெடிக்கிறாங்க, ஓடுங்க" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். குரல் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருவரும் எழவில்லை. மல்லிகா பாடிக்கொண்டே என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உட்கார் என்று கண்ணால் சொன்னாள். பாட்டு முடியவில்லை அல்லவா. நான் உதறினேன். அவள் விரல் முந்தானை நுனியில் இருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

எண்பத்திரண்டில் வெடித்தது.

புழுதி அடங்குவதற்கு முன் திரும்பிப் போனேன். பந்தல் இல்லை. கீற்றும் மூங்கிலும் கல்லும் ஒன்றாகக் கிடந்தன. காளியப்பன் மேளத்தின் மேல் கவிழ்ந்திருந்தார். தலையின் பின்பக்கம் இல்லை. ராஜாத்தி என்னைப் பார்த்தாள். "என் காலு எங்க செல்வி" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்டாள். கால் அவளிடம் இல்லை. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். ரத்தம் துணிக்கு மேலே வந்தது. கட்டினேன். மறுபடியும் வந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கண் நிலைத்துவிட்டது.

மல்லிகா உட்கார்ந்தபடியே இருந்தாள். கல் மடியில் இருந்தது. நெஞ்சிலிருந்து மடிவரைக்கும் கல். முகத்தில் ஒரு கீறல் இல்லை. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் கற்பொடி. நான் விரலை விட்டு வழித்தேன். "மல்லி, மல்லி" என்று கூப்பிட்டுக்கொண்டே வழித்தேன்.

இரண்டு ஜீப் வந்தது. மூன்று இருபத்தைந்து இருக்கும். ஆம்புலன்ஸ் என்று நினைத்துக் கையைக் காட்டினேன். இரும்புக் குழாயோடு இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கம்பெனி வைத்திருந்த அடியாட்கள். "போனு, போன எட்றா" என்று ஒருவன் கத்தினான். அடிபட்டுக் கிடந்தவர்களின் இடுப்பிலிருந்து போனை உருவிக் கல்லில் வைத்து உடைத்தார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்த சடையனை, எனக்கு அண்ணன் முறை, முட்டியில் அடித்துச் சாய்த்தார்கள். சாய்ந்த பிறகும் அடித்தார்கள். குழாய் எலும்பில் பட்டால் ஒரு சத்தம் வரும். பச்சை மூங்கிலைப் பிளக்கிற சத்தம். நான் குறுக்கே கையை நீட்டினேன். இடது முழங்கைக்குக் கீழே அதே சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. போகும்போது பந்தல் கீற்றுக்குத் தீ வைத்தார்கள். அதற்கடியில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். வேலுவும் பெண்களும் கையாலேயே தீயை இழுத்துப் போட்டு அவர்களை எடுத்தார்கள். வேலுவின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்தது. அவ்வளவு நேரமும் அவன் தன் மனைவி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

புடவையில் டோலி கட்டிச் சாலைவரை தூக்கினோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற வேனில் போட்டு மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் உடல்கள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. ஏழாவது வளைவுவரைக்கும் சடையன் முனகினார். பிறகு இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. கம்பெனி மேலாளர் வெடி நேரம் எழுதி வைக்கிற நோட்டை நீட்டினார். "மூணாவது சங்குக்கு அப்புறம் முழுசா அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணோம் சார். போகச் சொல்லிக் கத்தியும் பார்த்தோம். யாரும் எந்திரிக்கல. அவங்களா குந்திக்கினு செத்தா நாங்க இன்னா பண்றது" என்றார். என் கையில் மாவுக்கட்டு. இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மூன்றாவது சங்கு எப்போது ஊதியது என்று கேட்டால் ஒருவர் ஐந்தாவது சரணம் என்றார். ஒருவர் ஆறாவது என்றார். ஒருத்தி சங்கே கேட்கவில்லை என்றாள். "பாடிக்கினு இருந்தோம் சார். நேரம் எங்க தெரியும்" என்றாள். உண்மைதான். அவர்கள் பாட்டுக்குள் இருந்தார்கள். கம்பெனிக்காரர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

வேலுவின் முறை வந்தது. "செல்வியக்கா கடசி வரைக்கும் குந்திக்கினு பாட்னாங்க சார். அவங்க கை ஒடைஞ்சதே கல்லு வுழுந்துதான்" என்றான். கூடத்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினார்கள். இறந்தவளின் அக்கா ஓடினாள் என்று எழுதக்கூடாது என்று நினைத்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தேன்.

மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். அந்த நோட்டைப் பொய் என்று காட்ட ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. உட்கார்ந்திருந்தவர்களால் முடியாது. ஓடியவளால்தான் முடியும். சங்கு ஊதி முடித்ததும் எழுந்தேன். எண்பத்திரண்டு எட்டில் வெடித்தது. எண்பத்திரண்டு எட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். நீ எழுந்தாயே, அவர்கள் ஏன் எழவில்லை? அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொள்வார். அதைவிட, வேலு கேட்பான். வக்கீலுக்கு நான் பயப்படவில்லை.

நான்காவது நாள் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓடியதை. முந்தானையை உதறியதை. கை உடைந்தது குழாயால் என்பதை. மெட்டை ஏன் எடுத்தேன் என்பதை. வக்கீல் எழுந்தார். "அப்ப ஜனங்களை எழுந்திரிக்க விடாம பண்ணது நீங்கதானே" என்றார். "ஆமாம். உட்கார வைத்தது நான். உட்கார்ந்தவர்கள் மேல் வெடித்தது நீங்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதோடு விடவில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்றார். மறுவாரம் காலை பத்து மணிக்கு மலைக்கு வந்தார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பந்தல் இருந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மல்லிகா இருந்த இடது பக்கம் வெறும் மண். "ம், எழுந்து அன்னைக்கு மாதிரியே ஓடுங்க" என்றார். கையில் போன். எழுந்தேன். ஊர் பார்க்கிறது. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, என் தங்கை செத்த இடத்திலிருந்து கடுக்காய் மரம்வரைக்கும் இன்னொரு தடவை ஓடினேன். என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"இருபத்தாறு விநாடி" என்றார் அதிகாரி. கம்பெனிக்காரர் முகம் செத்துப்போயிற்று. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவையும் ஓடச் சொன்னார். ஓடினேன். முப்பதைத் தாண்டவில்லை. நோட்டு பொய் என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள். அவர் இறங்கிப் போன பிறகு வேலு என்னிடம் வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. கோபமாகப் பேசவில்லை. "நீங்க ஓடனத அன்னிக்கே கொடத்தோட வரும்போது பாத்தேன்க்கா. ஓடனது தப்பு இல்ல. உசுரு பயம் யாருக்கு இல்ல. ஓடத் தெரிஞ்ச நீங்க, நாங்க ஓடக் கூடாதுன்னு ஏங்க்கா பாட்டு கட்னீங்க?" என்றான். உலகத்துக்கெல்லாம் கவிதை எழுதிய நான், அவிழ்ந்திருந்த அவன் கைக்கட்டை முடியக் கை நீட்டினேன். அவன் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

காளியப்பன், அறுபது வயது. ராஜாத்தி, முப்பத்தெட்டு. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். சடையன், நாற்பத்தைந்து. மலைப் பாதையில், வேனில். மல்லிகா, இருபத்தொன்பது. எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

கை கால் போனவர்கள் மூன்று பேர். கண் போனவர் ஒருவர். காது கேளாமல் போனவர்களை எண்ணவில்லை, கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவதில்லை. கூரை உடைந்த வீடு ஆறு. ஆடு ஒன்பது. காளியப்பனின் மேளம். உடைக்கப்பட்ட போன் பதினாலு, அதில் மல்லிகா பாடிய பாட்டு எத்தனையில் இருந்ததோ. பாறையில் பாதி.

அந்த ஊரில் எனக்கு இருந்த வீடு ஒன்று. சுவரும் கூரையும் அப்படியே நிற்கின்றன. சாவி என்னிடம்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரைக்கும் பதினேழு வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். எல்லா வாசலிலும் ஆள் இருக்கிறார்கள். வா என்று ஒருவரும் சொல்வதில்லை.